மரப்பட்டை இலைக்கன்களும் புதிய இனங்காணலும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கமுகின் வழுவழுப்பான தண்டிலும் பலாவின் முதிர்ந்த பட்டையிலும் வெண்மையாகவும் சாம்பனிறமாகவும் தேமல் போலப் படர்ந்துள்ள படைகளை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவற்றை மரத்துக்கு வந்த நோயென எண்ணுவோர் உளர். மரத்தின் முதுமைக்கு அடையாளமெனக் கொள்வோரும் உளர். உண்மையில் அவை மரத்தின் பகுதியுமல்ல, மரத்தை உண்ணும் ஒட்டுண்ணிகளுமல்ல. பட்டையை இருப்பிடமாக மட்டும் கொண்டு, மழைநீர், காற்று, ஒளி ஆகியவற்றிலிருந்து தம் வாழ்வைப் பெறும் இலைக்கன்களே அவை.

இவற்றுள் ஒன்றைக் கண்டெடுத்து, "இஃது இதுவரை அறியப்படாத இனம்" என்று ஒருவர் கூறுவாராயின், அக்கூற்று எதன்மீது நிற்கின்றது? காட்டில் அதனைக் கண்ட கண்ணின் கூர்மை அதற்குப் போதாது. முன்னர் பெயரிடப்பட்ட அத்தனை இனங்களிலிருந்தும் அது வேறுபட்டதென்று நிறுவுதல் வேண்டும். எனவே புதியது என்னும் தீர்ப்பு பழையனவற்றோடு ஒப்பிடும் மேசையிலேயே வழங்கப்படுகின்றது. அப்பழையன எங்கே உள்ளன, யார் சேர்த்தவை, எவ்வளவு குறிப்போடு சேர்க்கப்பட்டவை என்பன வரலாற்று வினாக்களாகும். இலங்கையின் மரப்பட்டை இலைக்கன்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வினாக்களை ஆராய்வதும், அவ்வரலாறு இன்றைய ஆய்வாளரின் பணியை எவ்வாறு பாதிக்கின்றது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பொருளும்

இலைக்கன் என்பது தனியொரு தாவரமன்று. பங்கசு ஒன்றும், ஒளித்தொகுப்புச் செய்யும் அல்காவோ சயனோபற்றீரியாவோ ஒன்றும் கூடிவாழ்வதால் உருவாகும் உடலே இலைக்கனாகும். பங்கசு உறைவிடத்தையும் ஈரத்தையும் அளிக்க, அல்கா உணவை ஆக்குகின்றது. வெப்பமண்டல மரப்பட்டைகளில் வாழும் பொருக்குருவான இலைக்கன்கள் பலவற்றில் இவ்வல்கா திரெந்தெபோலியா என்னும் சாதியைச் சேர்ந்தது. ஈரமான மரங்களிலும் மதில்களிலும் செம்மஞ்சட் படையாகத் தனித்து வாழ்வதும் இச்சாதியே.

எமது பாடநூல்களில் வழங்கும் இலைக்கன் என்னும் கலைச்சொல் பிறமொழிச் சொல்லின் ஒலிபெயர்ப்பாகும். தமிழ்க் காதுக்கு அது 'இலை' என்னும் சொல்லை நினைவூட்டுகின்றது. ஆயினும் நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருக்குருவான இலைக்கன்களுக்கு இலை போன்ற எவ்வுறுப்பும் இல்லை. அவை பட்டையோடு பட்டையாக ஒட்டியவை. பட்டையைச் செதுக்காமல் அவற்றை எடுத்தல் இயலாது. நம் முன்னோர் வழங்கிய சொல் பாசி என்பதாகும். சமையலில் மணத்துக்காகச் சேர்க்கப்படும் கற்பாசி இலைவடிவான ஓர் இலைக்கனே. கல்லின் பெயரைத் தாங்கினும் அது மரப்பட்டையிலும் வளர்வது. வழக்குச்சொல் இவ்வுயிரின் பசிய பாதியை நோக்கிப் பாசி என்றது. அறிவியலோ மற்றைப் பாதியாகிய பங்கசையே பெயருக்கு உரியதாகக் கொண்டது. இலைக்கனுக்குச் சூட்டப்படும் பெயர் அதன் பங்கசுக்கே உரியதென்பது பெயரீட்டு விதிகளின் இன்றைய நிலைப்பாடாகும்.

மருந்துப் பட்டைகளில் தொடங்கிய ஆய்வு

லின்னேயஸ் 1753 ஆம் ஆண்டில் தாவர இனங்களைத் தொகுத்தபோது இலைக்கன்கள் அனைத்தையும் ஒரே சாதியில் அடக்கினார். அங்கு இடம்பெற்ற இனங்கள் எண்பதளவானவையே. அவற்றுள் ஒன்று, பட்டையில் கரிய கோடுகளால் எழுதியது போன்ற தோற்றமுடையது. அதனால் எழுத்து எனப் பொருள்படும் பெயரைப் பெற்றது. இன்று அது கிராபிஸ் ஸ்கிரிப்டா எனப்படும். அக்கோடுகள் பங்கசு தன் வித்திகளை உண்டாக்கும் உறுப்புகளாகும். ஏட்டில் எழுத்தாணி கீறியது போன்ற இக்கோடுகளைக் கொண்ட குடும்பமே கிராபிடேசியே. வெப்பமண்டலப் பட்டை இலைக்கன்களின் வரலாற்றில் இக்குடும்பம் மீண்டும் மீண்டும் இடம்பெறுவதைக் காண்போம்.

லின்னேயசின்கீழ் ஆய்வுரையை நிலைநாட்டிய இறுதி மாணாக்கரான எரிக் அக்காரியஸ் (1757 - 1819) சுவீடனில் வாட்ஸ்தேனா என்னும் ஊரில் மருத்துவராக இருந்தவர். அவர் 1803 இலும் 1810 இலும் வெளியிட்ட நூல்களே இலைக்கனியலைத் தனித்துறையாக்கின. இலைக்கனின் உடலையும் வித்தியுறுப்பையும் குறிக்க இன்றும் உலகெங்கும் வழங்கும் சொற்களை ஆக்கியவரும் அவரே.

அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் வெப்பமண்டலக் காடுகளைக் காணாமலே அவற்றின் பட்டை இலைக்கன்களை விவரித்தமை நோக்கத்தக்கது. அவர்களுக்கு அவை எவ்வாறு கிடைத்தன? மருந்துப் பட்டைகள் வாயிலாகக் கிடைத்தன. காய்ச்சலுக்குரிய சிங்கோனாப் பட்டையும் வயிற்று நோய்களுக்குரிய காசுகரிலாப் பட்டையும் பொதி பொதியாக ஐரோப்பாவுக்குச் சென்றன. உரித்த பட்டையோடு அதன்மேல் வாழ்ந்த இலைக்கன்களும் கப்பலேறின. 1804 இல் ஸ்பிரெங்கல் விவரித்த திரிபெதீலியம் எலூத்தேரியே என்னும் இனத்தின் பெயர் இதற்குச் சான்று. காசுகரிலாப் பட்டையைத் தரும் குரோட்டன் எலூத்தேரியா என்ற மரத்தின் பெயரே இலைக்கனுக்கும் ஆயிற்று. அவ்விலைக்கனோ அம்மரத்துக்கு மட்டும் உரியதன்று. வெப்பமண்டலமெங்கும் பரந்து வாழ்வது.

இவ்வழியை முறையான ஆய்வாக்கியவர் பிரான்சு நாட்டு மருந்தாளரான அந்துவான் ஃபே (1789 - 1874) ஆவார். மருந்துக்குரிய அயல்நாட்டுப் பட்டைகளில் வாழும் பூவாத் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1824 - 25 இலும் அதன் பிற்சேர்க்கை 1837 இலும் வெளிவந்தன. பட்டையின் மேலுள்ள இலைக்கனைக் கொண்டு பட்டையின் வகையை அறியலாம் என்பது அவர் கருத்து. போலிப்பட்டை மலிந்திருந்த வணிகத்தில் அதற்குப் பயனும் இருந்தது. அவர் அந்நூலிற் பெயரிட்ட இனங்கள் பல இன்றும் ஏற்புடையன. ஆயின் அவற்றுக்கு ஒரு பெருங்குறை உண்டு. பட்டை எந்த மலையில், எந்தக் காட்டில், யாரால் உரிக்கப்பட்டதென்ற குறிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. மருந்துப் பொதியில் வணிகன் இட்ட பெயரே அவர் அறிந்த ஊர்.

இது தென்னமெரிக்காவைப் பற்றிய செய்தியாகத் தோன்றினும் இலங்கைக்கும் தொடர்புடையது. வெப்பமண்டல இலைக்கன்கள் பல கண்டங்கள் கடந்து பரந்திருப்பவை. ஹக்கலையில் இன்று எடுக்கப்படும் ஒரு பொருக்கு, 1824 இல் பாரிசு நகரில் ஒரு சிங்கோனாத் துண்டின் மேல் விவரிக்கப்பட்ட இனமாகவே இருத்தல் கூடும். எனவே இலங்கை ஆய்வாளரும் ஃபேயின் மாதிரிகளைக் கருத்திற் கொள்ளாது புதியதெனக் கூற இயலாது.

பேராதனையும் சுரூஸ்பெரியும்

பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821 இல் நிறுவப்பெற்றது. 1849 இல் அதன் பொறுப்பை ஏற்று 1880 வரை நடத்தியவர் ஜோர்ஜ் துவைற்ஸ் ஆவார். இலங்கைத் தாவரங்களின் தொகுப்பை 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வெளியிட்டமையால் அவர் பெரிதும் அறியப்பட்டவர். ஆயினும் பூக்கும் தாவரங்களுக்கு முன்பே அவர் மனத்தைக் கவர்ந்தவை நுண்ணிய பூவாத் தாவரங்களாகும். இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கு வந்த அதே 1849 இல் சிஸ்தோகோலியஸ் என்னும் நுண்ணிழை வடிவான சாதியை அவர் நிறுவினார். அஃது ஓர் இலைக்கன் என்பது இன்று தெளிவு. ஆகவே பேராதனைக்கு வந்தவர் இலைக்கனைக் காணும் கண்ணோடு வந்தவர் எனலாம்.

அவர் சேகரித்த இலைக்கன்கள் இங்கிலாந்தின் சுரூஸ்பெரியில் வாழ்ந்த மதகுரு வில்லியம் அல்போட் லெயிற்றனுக்கு (1805 - 1889) அனுப்பப்பட்டன. லெயிற்றன் சாள்ஸ் டாவினோடு சிறுவயதிற் பள்ளியிற் பயின்றவர். பிரித்தானியாவின் கிராபிஸ் வகை இலைக்கன்களைப் பற்றி 1854 இல் தனிநூல் எழுதியவர். துவைற்ஸின் சேகரிப்பை ஆராய்ந்து அவர் எழுதிய 'இலங்கையின் இலைக்கன்கள்' என்னும் கட்டுரை லின்னேயஸ் சங்கத்தின் நடவடிக்கை ஏட்டில் 27 ஆம் தொகுதியில், 1869 - 70 அளவில் வெளிவந்தது. இலங்கையின் இலைக்கன்கள் பற்றிய ஆய்வுக்கு அடித்தளம் இக்கட்டுரையே. இதிற் புதியனவாக விவரிக்கப்பட்ட இனங்களின் மாதிரிகள் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன. லெயிற்றன் இலங்கையைக் கண்டவரல்லர். மரம் நின்ற இடம், அதன் நிழல், ஈரம், அயலில் வளர்ந்தவை ஆகியன அவருக்குத் தெரியவில்லை. கடித உறையில் வந்த பட்டைத் துண்டே அவருக்கு இலங்கையாயிற்று.

இக்கட்டுரை அச்சேறிய காலத்தையும் கருதுதல் வேண்டும். அதே 1869 இல், பேராதனையிலிருந்து துவைற்ஸ் அனுப்பிய நோயுற்ற கோப்பியிலைகளை ஆராய்ந்த பெர்க்லி அதிலிருந்த பங்கசுக்கு ஹெமிலேயா வசுத்தாத்திரிக்ஸ் எனப் பெயரிட்டார். இரண்டும் பங்கசுகளைப் பற்றிய செய்திகளே. இரண்டும் ஒரே தோட்டத்திலிருந்து ஒரே அஞ்சல் வழியாகச் சென்றவையே. ஒன்று கோப்பிப் பயிரை அழித்தது. தோட்டங்கள் சிங்கோனாவுக்கும் பின்னர் தேயிலைக்கும் மாறின. அத்தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் மக்களின் வாழ்வும் அம்மாற்றத்தோடு பிணைந்தது. அதனால் அப்பெயர் நாட்டின் வரலாற்றில் இடம்பெற்றது. மற்றையது எவருக்கும் இலாபமோ நட்டமோ தராததால் ஆய்வேட்டிலேயே அடங்கியது. கோப்பிக்கும் தேயிலைக்கும் இடமளிக்க அழிக்கப்பட்ட மலைக்காடுகளின் பட்டைகளில் எத்தனை பெயரற்ற இனங்கள் இருந்தன என்பதை இன்று எவராலும் எண்ணிக் கூற இயலாது.

சேகரிப்புக்கு உதவிய உள்நாட்டாரின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன. பேராதனையில் தலைமுறையாக ஓவியம் தீட்டிய டி அல்விஸ் குடும்பத்தின் பெயர் அல்விசியா என்னும் சளிப்பங்கசுச் சாதியில் நிலைத்தமை அரிதான ஒரு விலக்காகும்.

லெயிற்றனுக்குப்பின் இரண்டாவது பெரிய பங்களிப்பு பின்லாந்தவரான வில்லியம் நைலாண்டருடையது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் வடக்கே கடல்வழி கண்ட 'வேகா' என்னும் கப்பல் 1879 டிசம்பரிற் காலியை அடைந்தது. அக்கப்பலின் மருத்துவரான ஏர்ன்ஸ்ட் அல்ம்குவிஸ்ட் இலங்கையிற் சேகரித்த இலைக்கன்களை நைலாண்டர் ஆராய்ந்தார். அவ்வாய்வு 1900 இல் வெளிவந்தபோது நைலாண்டர் உயிரோடில்லை. முந்திய ஆண்டில் அவர் பாரிசில் இறந்திருந்தார். அவருடைய பெருஞ் சேகரிப்பு ஹெல்சிங்கியைச் சேர்ந்தது. இவ்வாறு இலங்கைப் பட்டைகளின் மூலச்சான்றுகள் இலண்டனிலும் ஹெல்சிங்கியிலும், அவற்றோடு ஒப்பிட வேண்டிய ஃபேயின் மாதிரிகள் ஜெனீவாவிலும் அமைந்தன.

அளவைகளின் மாற்றம்

ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து பிரிக்கும் அளவைகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. அக்காரியஸ் கைவில்லையால் புறத்தோற்றத்தைக் கண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுணுக்குக்காட்டி முன்னேற, வித்தியின் வடிவும் அறைகளும் முதன்மை பெற்றன. வெளியே ஒன்றுபோலத் தோன்றிய இரண்டு பொருக்குகளின் வித்திகள் முற்றிலும் வேறாக இருந்தமை அறிஞரை வியப்பில் ஆழ்த்தியது.

ஜெனீவாவைச் சேர்ந்த யோன் முல்லர் 1880 களின் தொடக்கத்தில் இவ்வளவையைக் கொண்டு கிராபிஸ் கூட்டத்தை நான்காகப் பகுத்தார். வித்தி நிறமற்று, குறுக்குச் சுவர்களை மட்டும் உடையதாயின் கிராபிஸ்; நிறமற்று, குறுக்கும் நெடுக்குமாகச் செங்கற்கட்டுப் போன்ற சுவர்களை உடையதாயின் கிராபினா; கபிலநிறமும் குறுக்குச் சுவரும் உடையதாயின் ஃபேயோகிராபிஸ்; கபிலநிறமும் செங்கற்கட்டமைப்பும் உடையதாயின் ஃபேயோகிராபினா. கற்றற்கு எளிதான இப்பகுப்பு நூறாண்டுக்கு மேல் ஆட்சி செய்தது. வித்தியமைப்பு மட்டும் உறவைக் காட்டாதென்பதை எடுத்துக்காட்டி, 2002 இல் பெற்றினா ஸ்டைகர் வித்தியுறுப்பின் சுவர் முதலிய பல பண்புகளைச் சேர்த்து இக்குடும்பத்தைத் திருத்தியமைத்தார். பின்னர் டி.என்.ஏ. ஆய்வு அத்திருத்தத்தின் பெரும்பகுதியை உறுதிப்படுத்தியும் சிலவற்றை மாற்றியும் வந்துள்ளது. ஆகவே பழைய நூலில் கிராபினா என்று காணப்படும் ஓர் இலங்கையினம் இன்று எச்சாதியில் உள்ளதென்று தேடியே அறிதல் வேண்டும்.

இரசாயனமும் ஓர் அளவையாயிற்று. 1866 இல் நைலாண்டர் பொற்றாசியம் ஐதரொட்சைட்டையும் வெளிற்றுந் தூட் கரைசலையும் இலைக்கன்மீது இட்டு நிறமாற்றத்தைக் கண்டார். லெயிற்றன் அம்முறையைப் பிரித்தானியாவில் ஆர்வத்தோடு கையாண்டார். 1930 களில் யப்பானிய அறிஞர் அசகினா நுண்பளிங்குகளைக் கொண்டு இலைக்கன் அமிலங்களை இனங்கண்டார். 1970 இல் கல்பேசனும் கிறிஸ்தின்சனும் மென்படை நிறப்பகுப்பு முறையை இதற்கென ஒழுங்குபடுத்தினர்.

இக்காலத்தில் நிகழ்ந்த மிகப்பெரிய மாற்றம் கொள்கை பற்றியது. இலைக்கன் என்பது பங்கசும் அல்காவும் கூடியதென்று சைமன் சுவெண்டனர் 1867 - 69 இல் எடுத்துரைத்தார். நைலாண்டர் அதனை வாழ்நாள் முழுவதும் ஏற்கவில்லை. இலைக்கன் தனியொரு தாவரமென்று உறுதியாக நம்பிய ஒருவர் விவரித்த இனங்களை, அந்நம்பிக்கையை முற்றாகக் கைவிட்ட நாம் இன்றும் ஏற்றுப் பயன்படுத்துகின்றோம். கொள்கை தவறாயினும் பெயர் நிலைத்தற்குக் காரணம் யாது? இதற்கு விடை மூலமாதிரி என்னும் முறையில் உள்ளது.

மூலமாதிரியும் பெயரீட்டு விதியும்

ஓர் இனத்தின் பெயர் அதன் விவரணத்தோடு பிணைக்கப்படாது, குறித்த ஒரு மாதிரியோடு பிணைக்கப்படுகின்றது. அதனையே மூலமாதிரி என்கின்றோம். விவரணத்திற் பிழையிருப்பினும், கொள்கை மாறினும், அம்மாதிரி உள்ளவரை அப்பெயர் எதனைக் குறிக்கின்றதென்று மீண்டும் பார்த்து அறியலாம். தமிழ் பயில்வோர்க்கு இது புதிதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஏடு தேடி ஒப்பிட்ட உழைப்பை நாம் அறிவோம். மூலத்தை நாடிச் செல்லுதல் இரு துறைக்கும் பொது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பதிப்பாசிரியர் சிறந்த பாடத்தைத் தேர்கின்றார். மூலமாதிரியோ சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. சிதைந்த ஒரு துண்டாயினும் பெயர் அதற்கே உரியது.

1958 சனவரி முதலாந் திகதிக்குப் பின் வெளியிடப்படும் புதிய இனங்களுக்கு மூலமாதிரியைச் சுட்டுதல் கட்டாயமாகும். 1935 முதல் 2011 இறுதிவரை இலத்தீன் மொழியில் விவரணம் அல்லது வேறுபாட்டுக் குறிப்பு இருத்தல் வேண்டுமென்ற விதியும் நடைமுறையில் இருந்தது. மெல்பேண் மாநாட்டின் முடிவுப்படி 2012 முதல் இலத்தீனோ ஆங்கிலமோ போதுமானதாயிற்று. 2013 முதல் பங்கசுப் பெயர்கள் அனைத்தும் ஏற்புடைய பதிவகம் ஒன்றிற் பதிவெண் பெறுதல் வேண்டும்.

இன்று ஓர் ஆய்வாளர் செய்ய வேண்டியவற்றை நிரலாக நோக்குவோம். முதலிற் கூரிய கத்தியும் சிற்றுளியும் கொண்டு, மரத்துக்குப் பெருந்தீங்கு நேராதவாறு பட்டையின் மேற்படை செதுக்கப்படும். இடம், உயரம், மரத்தின் பெயர், நிழலின் அளவு, திகதி ஆகியன அப்போதே எழுதப்படும். ஃபேயும் லெயிற்றனும் பெறாத செல்வம் இக்குறிப்புகளே. பின் துண்டு காற்றில் உலர்த்தப்பட்டு, மடித்த கடதாசி உறையில் இடப்படும். ஆய்வுகூடத்தில் வித்தியுறுப்பை சவர அலகினால் மெல்லிய சீவல்களாக வெட்டி நுணுக்குக்காட்டியில் நோக்குவர். சுவர் கரியதா, அடிவரை கரிந்ததா, பக்கங்களில் மட்டுமா? வித்திப்பைகளுக்கிடையே எண்ணெய்த் துளிகள் உண்டா? ஒரு பையில் எத்தனை வித்திகள்? வித்தியின் நீள அகலம் எத்தனை மைக்கிரோமீற்றர்? அயடீன் இட்டால் ஊதா நிறம் கொள்கின்றதா? பொற்றாசியம் ஐதரொட்சைட்டு இட்டால் மஞ்சளாகிப் பின்னர் சிவந்து ஊசிப் பளிங்குகள் தோன்றுமாயின் நோர்ஸ்திற்றிக் அமிலம் இருப்பதை உய்த்தறியலாம். நிறப்பகுப்பு அதனை உறுதி செய்யும்.

இவற்றைக் கொண்டு இனங்காண் திறவுகளில் தேடும்போது மாதிரி எங்கும் பொருந்தாது போகலாம். ஆயின் அப்போதும் புதியதெனக் கூறுதற்கில்லை. முன்னையோர் விவரணங்கள் பல மூன்று நான்கு வரிகளில் அடங்குபவை. இன்று வேண்டப்படும் பண்புகளைக் கூறாதவை. ஆதலால் நெருங்கிய இனங்களின் மூலமாதிரிகளை இரவலாகப் பெற்றோ நேரிற் சென்றோ காணுதல் வேண்டும். இன்று மூலமாதிரிகள் பலவற்றின் ஒளிப்படங்கள் கணினித் திரையிற் கிடைப்பது பேருதவியே. எனினும் ஒளிப்படம் வித்தியைக் காட்டாது. அதற்கு மாதிரியை வெட்டியே ஆதல் வேண்டும். விரலகலப் பட்டையில் உள்ள வித்தியுறுப்புகள் சிலவே. ஒவ்வோர் ஆய்வும் அவற்றுட் சிறிதைச் செலவழிக்கின்றது. நூற்றைம்பது ஆண்டுகளாக வெட்டப்பட்ட மாதிரிகளில் எஞ்சியிருப்பது மிகக் குறைவு. எனவே பொறுப்பாளர் தயங்குவதும் இயல்பே. அத்தயக்கத்தாலும் தூரத்தாலும் ஏற்படும் தாமதத்தைச் சுமப்பவர் பெரும்பாலும் மாதிரிக்கு வெகுதொலைவில், காட்டுக்கு அண்மையில் வாழும் ஆய்வாளரே.

மீண்டும் இலங்கைக் காடுகள்

நைலாண்டருக்குப் பின் நெடுங்காலம் இலங்கைப் பட்டை இலைக்கன்கள் பற்றிய ஆய்வு மெலிந்திருந்தது. சால்புருக்னர் 1922 முதல் 1940 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட உலக இலைக்கன் அட்டவணையில் இலங்கைப் பெயர்கள் ஒழுங்குபடுத்தப்பட்டன. ஆயின் காட்டிலிருந்து புதிய சான்றுகள் சேர்ந்தது சிறிதே. 1981 இல் அமெரிக்க ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் மேசன் ஹேல் இலங்கையின் தெலோதிரேமற்றேசியே குடும்பத்தைப் பற்றி நூறு பக்கமளவான ஆய்வை வெளியிட்டார். பட்டையில் நுண்துளைகள் இட்டாற்போலத் தோன்றும் இக்குடும்பம் இன்று கிராபிடேசியேயுள் அடக்கப்படுகின்றது. இச்சிறு தீவில் ஒரு குடும்பத்துக்கே அவ்வளவு எழுத வேண்டியிருந்தமை எமது மலைக்காடுகளின் வளத்தைக் காட்டும்.

அடுத்த மாற்றம் தன்மையில் வேறானது. 2012 இல் இலங்கை ஆய்வாளர் கோதமி வீரக்கோனும் உள்நாட்டு, வெளிநாட்டு அறிஞர் சிலரும் ஹோட்டன் சமவெளியிலிருந்து கிராபிடேசியே குடும்பத்தின் ஆறு புதிய இனங்களை விவரித்தனர். 2014 இல் அவரும் அப்ரூற்றும் சேர்ந்து, இலங்கையில் முன்னர் பதிவாகாத இருநூற்றுக்கு மேற்பட்ட இலைக்கன்களையும் அறிவியலுக்கே புதிய மூன்று இனங்களையும் வெளியிட்டனர். பட்டையைச் செதுக்கியவரே சீவலை வெட்டி, வித்தியை அளந்து, பெயரும் சூட்டும் நிலை இவ்வாறு உருவாகியது. துவைற்ஸ் காலத்தில் இவ்விரு பணிகளுக்குமிடையே ஒரு கடல் இருந்தது.

இருநூறு என்ற எண்ணை நாம் சரியாக விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். அவை திடீரென எமது காடுகளுக்கு வந்தவையல்ல. துவைற்ஸ் நடந்த வழிகளிலும் அவை இருந்திருக்கலாம். ஆயினும் நோக்குவார் இன்மையால் அவை பதிவாகவில்லை. நைலாண்டர் வாழ்வில் இதற்கு மாறான ஒரு செய்தி உண்டு. பாரிசின் லக்சம்பேர்க் பூங்கா மரங்களில் வாழும் இலைக்கன்களை அவர் 1866 இல் பட்டியலிட்டார். நகரக் காற்றின் தூய்மைக்கு அவை அளவுகோலாகும் என்றும் கூறினார். முப்பது ஆண்டுகளின் பின் அதே பூங்காவில் அவை மறைந்துவிட்டதைப் பதிவு செய்தார். முதற்பட்டியல் இல்லாதிருப்பின் இழப்பையும் எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். பதிவு இன்றேல் அழிவும் செய்தியாவதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, புதிய இனத்தை விவரித்தல் இயற்கையறிவோடு வரலாற்றறிவையும் வேண்டும் பணியாகும். பட்டை இலைக்கனை ஆராய்வோர் மருந்து வணிகத்தையும் குடியேற்ற ஆட்சியின் அஞ்சல் வழிகளையும் அறியாது தம் மாதிரியின் முன்னோரை அறிய இயலாது. இரண்டாவது, இலங்கையின் மூலச்சான்றுகள் வெளிநாடுகளிற் குவிந்தமைக்கு ஒரு காலத்தின் அமைப்பே காரணம். அவை அங்குப் பேணப்பட்டதாலேயே இன்று ஒப்பிட முடிகின்றது என்பதை நாம் நன்றியோடு ஏற்றல் வேண்டும். அவற்றை எளிதில் அணுகும் வழி எமது மாணவர்க்கு உண்டாதல் வேண்டுமென்று கேட்பதும் நியாயமே. மூன்றாவது, இக்கட்டுரையிற் கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் மலைநாட்டையும் ஈரவலயத்தையும் சார்ந்தவை. வன்னியின் பாலை, வீரை மரங்களின் பட்டைகளும் கிழக்கின் ஆற்றோரக் காடுகளும் அதே அளவு உழைப்பைப் பெறுதல் வேண்டும்.

இப்பணிக்குத் தொடக்கத்திற் பெருஞ்செலவு தேவையில்லை. கத்தியும் கைவில்லையும் கடதாசி உறையும் குறிப்பேடும் போதும். உறையின்மேல் இடத்தையும் மரத்தையும் திகதியையும் தெளிவாக எழுதும் பழக்கமே முதன்மையானது. அவ்வாறு எழுதப்பட்ட உறைகள் எமது பல்கலைக்கழகங்களின் அலுமாரிகளிற் சேருமாயின், நூறாண்டின் பின் இத்தீவின் பட்டைத் துண்டொன்றைக் கையிலெடுப்பவர், அது எந்த ஊரின் எந்த மரத்தில் வளர்ந்ததென்று அறியாது ஃபேயைப் போல் நிற்க நேராது.